பழைய குடை ஒன்று, மனுதாரர் வசம்

நார்த்தாமலை விலக்கில் ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் லாரி மோதியபோது மெல்வினின் நிழல் உடம்பிலிருந்து கழன்று ரோட்டிலேயே தங்கிவிட்டது. கூடவே ஸ்கூட்டரின் நிழலும், பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஸ்வீட்டியின் நிழலும், அவள் பிடித்திருந்த குடையின் நிழலும் தங்கின. ஸ்வீட்டி அந்த இடத்திலேயே இறந்துபோனாள். மெல்வினை 108 வந்து ஏற்றிக்கொண்டது. நொறுங்கிய ஸ்கூட்டரை போலீஸ் தூக்கிப்போனது, கண்ணாடிச் சில்லுகளைப் பக்கத்து டீக்கடைக்காரர் கூட்டி ஓரமாகத் தள்ளினார். நிழல் மட்டும் யாருடைய பொறுப்பிலும் வரவில்லை.

அது ஒழுங்கான நிழலாகவே நடந்துகொண்டது. காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் சுருங்கி, சாயங்காலம் கிழக்கே டீக்கடை வாசல்வரை போய் வந்தது. மழை நாளில் காணாமல் போகும், வெயில் வந்ததும் திரும்பிவிடும். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போனதில் அதற்கு ஒரு கீறலும் இல்லை. விலக்கில் அவிச்ச கடலை விற்கும் மூக்காயி ஒரு வாரம் பார்த்தாள். பிறகு கூடையையும் ஜிபே அட்டையையும் தூக்கிக்கொண்டு போய், மூன்று மணிக்கு மேல் குடை நிழல் எங்கே விழுகிறதோ அங்கே உட்கார ஆரம்பித்தாள். ஸ்வீட்டியின் அம்மா ஜெபமாலையம்மாள் கல்லறைத் திருநாளன்று ஆவூர் கல்லறையில் ஒரு மெழுகுதிரியும் இங்கே ரோட்டோரம் ஒன்றும் ஏற்றிவிட்டு, மூக்காயியிடம் கடலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மெல்வின் காலில் பிளேட் வைத்துக்கொண்டு, நிழல் இல்லாமல் வீடு திரும்பினான். வெயில் அவனைக் கண்டுகொள்ளாமல் தரைவரை போனது. கீரனூரில் அவன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் முதல் இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் பிரிண்டர் கெட்டுப்போனதால் அதைப் பற்றிப் பேசினார்கள். அவன் அழவில்லை. அழுகை எங்கே இருக்கிறது என்று உடம்பில் தேடிப் பார்த்ததாகவும் கிடைக்கவில்லை என்றும் டாக்டரிடம் சொன்னான். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஊன்றுகோலோடு விலக்கில் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் அவன் நிழலை முழுதாகப் பார்த்தான். விபத்துக்குச் சற்று முன்னால், காற்று இழுக்கிறது, குடையை மடக்கு என்று அவன் சொல்லியிருந்தான். மடக்கிவிட்டேன் என்று அவளும் சொன்னாள். நிழலில் குடை விரிந்தே இருந்தது. அவள் தலைக்கு மேல்கூட இல்லை. கையை எட்டி நீட்டி, முன்னால் இருந்த அவன் தலைக்குமேல் பிடித்திருந்தாள். மெல்வின் ரோட்டு ஓரத்தில் நின்று, “மடக்கவே இல்லையா நீ?” என்று கேட்டான். அதிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் அங்கே வந்து இறங்கினான். அந்த நாட்களில் அவன் வேண்டுமென்று நினைத்துச் செய்த ஒரே காரியம் அதுதான்.

புதுக்கோட்டை வக்கீல் உடையப்பன் வழக்கை எடுத்துக்கொண்டார். அவரிடம் வரும் விபத்துக் கேஸ்காரர்கள் எல்லோரும் கோர்ட்டுப் படியில் ஒரே மாதிரி நொண்டுவார்கள், அவர் நொண்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது அது. உண்மையிலேயே கால் முறிந்த மெல்வின் மட்டும் நேராக நடந்து அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான். நஷ்டஈடு என்றால் மொத்தமாகக் கேட்கிற பிச்சை இல்லை தம்பி, ஒவ்வொரு தலைப்பாகப் பிரித்துக் கேட்பது என்று அவர் விளக்கினார். ஆஸ்பத்திரிச் செலவு தனி, போன சம்பளம் தனி, இனி வராத சம்பளம் தனி, மனைவியை இழந்தது தனி, வலியும் வேதனையும் தனி.

“வலி எவ்வளவுன்னு போடலாம் தம்பி?”

“தெரியல சார்.”

“நீங்க தெரியலன்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் இல்லைன்னு எழுதிருவான். கொஞ்சம் அழுங்களேன்.”

அழுகை வராது என்று தெரிந்ததும் உடையப்பன் நிழலைப் பிடித்துக்கொண்டார். நிழல் இழப்பு என்று புதிதாக ஒரு தலைப்பு போட்டார். மெடிக்கல் போர்டில் தங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள். அவர் விடவில்லை. கோர்ட் அனுப்பிய கமிஷனரைச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கூட்டிப்போய் நிழலை அளக்கவைத்தார். அது அந்நேரம் டீக்கடைப் பெஞ்சில் ஏறி, போண்டாத் தட்டைத் தாண்டிக் கிடந்தது. இவ்வளவு பெரிய நிழலை இழந்த மனிதர் ஜில்லாவிலேயே இல்லை என்று கமிஷனர் அறிக்கை கொடுத்தார்.

விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், விரித்த குடையோடு வண்டியில் போனது இவர்கள் தப்பு என்றார். விழுந்த வேகத்தில் விரிந்த குடை அது என்று உடையப்பன் கூசாமல் சொன்னார். மூக்காயி சாட்சிக் கூண்டில் ஏறி, மூன்று மணிக்கு மேல் அந்த நிழலில்தான் வியாபாரம் என்றாள். உபயோகத்தில் இருக்கும் பொருள் எப்படி இழப்பாகும் என்று கம்பெனி வக்கீல் துள்ளினார். “உபயோகம் இந்தம்மாவுக்குங்க, இழப்பு என் கட்சிக்காரருக்கு” என்றார் உடையப்பன். நீதிபதி ஜன்னல் வெயிலில் மெல்வினை நிற்கச் சொல்லி, தரையைப் பார்த்துவிட்டு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

அங்கே கம்பெனி எல்லாவற்றுக்கும் சம்மதித்தது. நிழல் முழுச் சேதம், முழுத் தொகை. உடையப்பன் மெல்வினுக்குக் கை கொடுத்தார். அப்போதுதான் கம்பெனி அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே, முழுச் சேதத்துக்குப் பணம் கொடுத்தால் உடைசல் கம்பெனிக்குச் சொந்தம், கார் என்றாலும் சரி நிழல் என்றாலும் சரி என்றார். தார் மேலோட்டைச் சுரண்டி எடுத்துத் திருச்சி யார்டில் போடப்போகிறார்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் மனைவியின் நிழலும் குடையின் நிழலும் சேர்ந்துதான் வரும். மெல்வின் வழக்கு தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். பணம் வேண்டாம், அதை எடுக்காதீங்க என்றான். உடையப்பனுக்குத் தன் ஃபீஸும் கூடவே சுரண்டப்படுவது தெரிந்தது. உடைசலை மனுதாரரே வைத்துக்கொள்ளலாம், அதன் மதிப்பைத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவசரமாக ஒரு வழி சொன்னார். வழி சரிதான். ஆனால் சாயங்கால அளவில் மதிப்புப் போட்டால் வீட்டை விற்றுத்தான் நிழலை மீட்க வேண்டியிருக்கும், அது கமிஷனர் கையெழுத்தோடு ஃபைலில் இருந்தது. கம்பெனி தன் பங்குக்குப் புதிதாக ஒரு சர்வேயரை அனுப்புவதாகச் சொன்னது.

சர்வேயர் ராஜா முகமது சித்திரை மாதம் ஒரு காலையில் ஒன்பது மணிக்கே டேப்போடு வந்து இறங்கினார். மிகவும் கறாரான மனிதர். நிழல் மேற்கே நன்றாக நீண்டு கிடந்தது. மூக்காயி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

“சார், அளக்கலாம். ஆனா புளியமரத்து நெழலு இதுமேல ஏறிக் கெடக்கு பாருங்க. மரம் ஹைவேஸ்காரன் மரம். கவர்மெண்டு நெழலையும் சேத்து வெல போட்டுட்டு நாளைக்கு அவன் வந்து கேட்டா நானா பதில் சொல்றது?”

ராஜா முகமது குனிந்து பார்த்தார். உண்மைதான். எது மரம், எது மனிதர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அப்ப எப்ப விலகும்?”

“வெயிலு ஏறட்டும், தானா விலகும். அதுவரைக்கும் அங்கிட்டு ஒக்காருங்க, கடலை வெந்துரும்.”

கடலை வேக நேரம் எடுத்தது. வெந்ததும் உப்புப் பற்றவில்லை என்று மறுபடி ஏற்றினாள். பிறகு ஆற வேண்டியிருந்தது. அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், சவூதியில் இருக்கும் மச்சான் எப்போது வருவார் என்பதெல்லாம் பேசி முடித்தபோது மரத்து நிழல் மரத்தடிக்குப் போயிருந்தது. ராஜா முகமது கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உச்சி வெயிலில் ரோட்டின் நடுவே ஒரு குடையின் நிழல் வட்டமாகக் கிடந்தது. ஸ்கூட்டரின் வாலும் பின்னால் இருந்தவளின் முதுகும் கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தன. ஆண் நிழல் எங்கே என்று அவர் தேடினார். சுற்றி வந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். ஸ்வீட்டி பிடித்த குடைக்குள் மெல்வின் ஒரு விரல்கூட வெளியே தெரியாமல் பத்திரமாக மறைந்திருந்தான். கறாரான மனிதர் கண்ணுக்குத் தெரியாததை எழுத மாட்டார். பழைய குடை ஒன்று, ஓரம் நைந்தது என்று எழுதி, பழைய குடைக்கு என்ன விலையோ அதைப் போட்டுவிட்டுத் திருச்சி பஸ் ஏறினார்.

மெல்வினுக்கு எல்லாத் தலைப்புகளின் பணமும் வந்தது, குடையின் விலை மட்டும் பிடித்துக்கொள்ளப்பட்டது. உடையப்பன் இப்போது தன் கட்சிக்காரர்களிடம் முதலில் நிழல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நொண்டச் சொல்லிக்கொடுக்கிறார். புதிதாக இந்த ரூட்டுக்கு வரும் டிரைவர்கள் விலக்கில் பிரேக் போடுவார்கள். ஆள் உட்கார்ந்திருக்காங்க, கொஞ்சம் ஒதுக்கிப் போங்கண்ணே என்று சொல்லிவிட்டு கண்டக்டர் டிக்கெட் கிழிக்கப் போய்விடுவார்.

சாயங்காலங்களில் மெல்வின் குடை நிழலில் மூக்காயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அன்றொரு நாள் மேகம் கூடிக் காற்று கிளம்பியது.

“வெயிலுதான் போயிருச்சே தம்பி, குடையை மடக்கச் சொல்லுங்க” என்றாள் மூக்காயி.

“சரி சரின்னுவா. மடக்க மாட்டா” என்று மெல்வின் அடுத்த கடலையை உரித்தான்.