பரிசீலனை எந்தத் தெருவில் இருக்கிறது?

1

இக்கதை ஒரு தண்ணீர்க் குழாயிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று நாளிதழொன்றுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். மறுநாள் தொலைபேசி மணி அடித்தது. அந்நாளிதழின் செய்தியாளர் ஒருவர் பேசினார்.

"தண்ணி வரலன்னு எழுதியிருக்கீங்க சார். எந்தக் குழாய்?"

"தெருமுனைக் குழாய், அம்மா."

"எந்த முனை?"

தெருவுக்கு இரண்டு முனைகள் உண்டென்பதை அன்றுதான் சிந்தித்தேன். அவர் நேரில் வந்து, குழாயைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுச் சென்றார். கடிதம் 'கிழக்கு முனை' என்னும் திருத்தத்துடன் வெளிவந்தது. தண்ணீர் வரவில்லை, அது வேறு கதை.

அவர் ஒரு திருநங்கை; செய்தியாளர்; வீடிழப்போருக்காகப் போராடும் இயக்கத்தவரும் ஆவார். அலுவலகத்தில் அவருக்குக் 'கொக்கி' என்று பெயர். மாட்டிய கேள்வியைப் பதில் வரும்வரை கழற்றமாட்டாராம். அவரைப் பற்றிக் கதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டணும்" என்றார். அந்நிபந்தனையை நான் ஏற்றுக்கொண்டதே இக்கதை இவ்வாறு ஒட்டுப்போட்ட துணியாய்க் கிடப்பதற்குக் காரணம்.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடியின் முன் நின்ற அக்குழந்தை, தன்னுள்ளே வேறொரு..."

(கைவிடப்பட்டது. ஓரத்தில் அவர் குறிப்பு: "எங்க வீட்டுக் கண்ணாடியை அப்பா உயரத்துக்கு மாட்டியிருந்தாங்க. எனக்கு நெத்திகூடத் தெரியாது.")

இரண்டாம் தொடக்கம்: "கண்ணீரையே மையாக்கி அவர் எழுதிய முதற்செய்தி..."

(கைவிடப்பட்டது. முதற்செய்தி ஒரு விளக்குக் கம்பத்தைப் பற்றியது. கம்பம் ஒருவர் வீட்டு வாயிலை மறித்து நடப்பட்டிருந்தது. அழுதிருந்தால் அவ்வீட்டார் அழுதிருக்கலாம்.)

மூன்றாவதை அவரே சொல்லித் தந்தார். வேலையில் சேர்ந்த புதிதில் அவருக்கு இருவகைச் செய்திகளே ஒதுக்கப்பட்டன: திருநங்கை ஒருவர் இறந்தால், அல்லது பரிசு பெற்றால். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர்கள் குடியிருக்கவும் குளிக்கவும் வேண்டுமே என்று கருதி, நகராட்சிச் செய்திகளைச் சண்டையிட்டு வாங்கிக்கொண்டார்.

[அடிக்குறிப்பு: தந்தையார் அவருடன் பேசுவதில்லை, ஆயினும் அந்த நாளிதழை நிறுத்தவுமில்லை. மகளின் பெயர் வரும் பக்கத்தை மட்டும் மடித்துத் தனியே வைத்துவிடுகிறாராம். வெறுப்பினாலா, சேமிப்பதற்கா என்று வினவினேன். "அவரைத்தான் கேக்கணும். உறுதிப்படுத்தாததை நான் சொல்றதில்ல."]

3

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும். நகராட்சியே அதனைத் தந்தது. தனக்குச் சொந்தமான பழைய விடுதியொன்றை இடிக்கப்போவதாக அறிவித்து, கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு நாள் குறித்தது. விடுதி மாடியில் திருநங்கையர் பலர் வாடகைக்கு இருந்தனர். கொக்கியும் முன்னர் அங்கே குடியிருந்தவரே. அவர்களுள் ஒருவராய், அனைவர் சார்பிலும் பேச ஒப்புக்கொண்டிருந்த தையற்காரி, கூட்டத்துக்கு முந்தின நாள் தையல் எந்திரத்திலிருந்து தலை நிமிராமலே பின்வாங்கினார்.

"மைக்கைப் பார்த்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்க்கா. நீயே பேசிடு. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

"எழுதறதுக்குத்தான்டி சம்பளம்."

"ரெண்டும் வாய்க்கொழுப்புதானே!"

செய்தி ஆசிரியரிடம் அனுமதி கேட்டார் கொக்கி.

"இங்க பாரும்மா. மைக்கைப் பிடிக்கறதுன்னா பேனாவை இங்க வெச்சிட்டுப் போ. சேத்துல ஒரு கால், ஆத்துல ஒரு கால்னு நிக்காதே."

"சேத்துல நிக்கறவங்களைப் பத்தித்தானே சார் செய்தியே."

"செய்தி எழுது. செய்தியா ஆகாதே."

பேசினால் வேலை போகும். பேசாவிடில் அவ்விடுதிக்காகப் பேச ஒருவரும் இலர்.

4

அரங்கில் பத்திரிகையாளர்க்கு முன்வரிசை, மனுதாரர்க்குப் பின்வரிசை, நடுவே ஒலிபெருக்கி. கொக்கி முன்வரிசையில் அமர்ந்தார். "போச்சுடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மனுதாரரை அழைத்தார்கள்; பட்டியலில் தையற்காரியின் பெயரே இருந்தது. தையற்காரி எழுந்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார், அமர்ந்துவிட்டார். நகராட்சி ஆணையர் திருப்தியுடன் கோப்பினை மூடினார்.

"பத்திரிகைக்காரங்க ஏதாவது கேக்கணுமா?"

கொக்கி தம் இடத்திலேயே எழுந்து நின்றார். ஒலிபெருக்கியைத் தொடவில்லை.

"இடிக்கற அன்னைக்குச் சாயங்காலம் இவங்கல்லாம் எங்க இருப்பாங்க சார்? முகவரி சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"மாற்று இடம் பரிசீலனையில இருக்கு."

"பரிசீலனை எந்தத் தெருவுல சார் இருக்கு?"

பின்வரிசை சிரித்தது. ஆணையர் சிரிக்கவில்லை.

"நீங்க பத்திரிகையா, அவங்க ஆளா?"

"ரெண்டு பேருக்கும் முகவரி ஒண்ணுதான் சார் வேணும்."

பேனாவைத் திறந்தபடி நின்றுகொண்டே இருந்தார். ஆணையர்தாம் முதலில் அரங்கை விட்டு வெளியேறினார்.

5

முதல் முடிவு: ஏனைய செய்தியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, "எங்க கேள்வியும் அதேதான்" என்று...

(கைவிடப்பட்டது. "யாரும் எழுந்திருக்கல சார். டீ குடிக்கப் போயிட்டாங்க.")

இரண்டாம் முடிவு: செய்தி ஆசிரியர் கண் கலங்கி...

(கைவிடப்பட்டது. சொட்டு மருந்து இடுபவர்; அவர் கண்கள் எப்போதும் கலங்கியே இருக்கும். அவர் உண்மையில் வினவியது: "நீ கேட்டது கேள்வியா, பேச்சா?" கொக்கியின் மறுமொழி: "பதில் வந்தா கேள்வி சார். வரலன்னா பேச்சுன்னு வெச்சுக்குங்க." "அப்போ பதில் வரட்டும்" என்று கூறி, கொக்கியின் அடையாள அட்டையை வாங்கித் தம் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.)

மூன்றாம் முடிவு: நானே மனமிரங்கி, ஆணையர் வாயில் ஒரு நல்ல முகவரியை வைத்தேன். மாடியுண்டு, காற்றுண்டு, வாயிலிலேயே குழாயுண்டு. தொலைபேசி மணி அடித்தது.

"இது எந்தத் தெரு சார்?"

"கற்பனைத் தெரு, அம்மா."

"தண்ணி வருதா?"

"நன்றாக வருகிறது."

"அப்போ கண்டிப்பா பொய்தான். எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். இதை எழுதும் இப்பொழுதுவரை ஆணையர் பதிலளிக்கவில்லை. இழுப்பறை திறக்கப்படவில்லை. தையற்காரி எந்திரத்தை மூட்டை கட்டவுமில்லை. ஆகவே, முடிவுக்குரிய இடத்தைக் கீழே வெறுமையாக விட்டுள்ளேன். வாசகருள் எவரேனும் ஆணையரைக் காண நேர்ந்தால், கேட்டு வாங்கி நிரப்புக. கதவு எண் இன்றியமையாதது. தெருமுனை எனில் எந்த முனை என்பதையும் குறிப்பிடுக. கொக்கி நேரில் வந்து குழாயைத் திறந்து பார்ப்பார்.

மாற்று இடத்தின் முகவரி: ..............................