மைனஸ் பத்து

அச்சகத்தில் அவளைப் பற்றி ஒரு கேலி உண்டு. "மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிற சம்பந்திங்களக்கூடப் பத்திரிகையில ஒரே வரியில உக்கார வெச்சிடும் இந்தக்கா" என்பார் மிஷின்காரர். எந்தப் பக்கத்தில் எழுத்து இடம் போதாமல் வழிந்தாலும், அது அவள் கணினிக்குத்தான் வரும். வரிகளைத் தேர்ந்தெடுத்து, எழுத்து இடைவெளியை மைனஸ் ஐந்தாக்குவாள். மிஞ்சிப்போனால் மைனஸ் பத்து. படிக்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கிருந்தோ ஒரு வரி மிச்சமாகிவிடும். பத்துக்குக் கீழே மட்டும் போகமாட்டாள். போனால் கொம்புகள் பக்கத்து எழுத்தின் தோளில் இடிக்கும்.

அம்மா போன ஒன்பதாம் நாள் தம்பி வந்தான். ஒரு புகைப்படமும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு தாளும் கொண்டுவந்திருந்தான்.

"நினைவு அட்டைக்கா. வேற எங்கயும் குடுக்க மனசு வரல. நீயே பண்ணு."

தாளை வாங்கிப் படித்தாள். அம்மாவைப் பற்றி நாலு வரி. கீழே, பிரிவால் வாடுகிறவர்கள்: கணவர், மகன், மருமகள், மகள், மருமகன், கடைசியில் பேரப்பிள்ளைகள். மகள் என்ற இடத்தில் தங்கையின் பெயர் மட்டும் இருந்தது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், அப்பா பார்த்துக் கட்டிவைத்தவனை விட்டு அவள் ஒரு பெட்டியோடு வெளியே வந்தாள். "இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார் அப்பா. சொன்ன சொல்லை மாற்றிக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அம்மா மட்டும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு போன் பேசுவாள். "சாப்ட்டியா?" என்பதைத் தாண்டிப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. வாளி நிறைந்தால் பேச்சு முடிந்துவிடும்.

படத்தை வைத்தாள். வாசகத்தை அடித்தாள். பட்டியல் அட்டையின் கடைசி வரியில் வந்து கச்சிதமாக முடிந்தது. ஒரு சொல்லுக்கும் இடமில்லை. அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இடமே இல்லாதபோது யாரைக் குறை சொல்வது?

ஆனால் கை பழகிய கை. அது பாட்டுக்குப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தது. மைனஸ் ஐந்து. மைனஸ் பத்து. கடைசி வரியில் தனியாகக் கிடந்த 'பேரப்பிள்ளைகள்' மேல் வரிக்கு ஏறிக்கொண்டது. கீழே வெள்ளையாய் ஒரு வரி.

பசியில்லை, பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் முன்னால் யாரோ தட்டை வைத்தது போலிருந்தது.

"இந்த இடம் எப்படிக்கா வந்துச்சு?" தம்பி குனிந்து பார்த்தான்.

"எழுத்தைக் கொஞ்சம் நெருக்கினேன்." குரலைச் சரிசெய்துகொண்டாள். "ஒரு பேர் கொள்ளும்டா."

அவனுக்குப் புரிந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கென்னக்கா, தாராளமாப் போடு. ஆனா அச்சாகி வந்ததும் அவரு..."

"கேட்டுப் பாரு."

சொன்ன பிறகுதான் தானே திகைத்தாள். பதினான்கு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து அவள் எதையும் கேட்டதில்லை.

தம்பி திரையைப் படம்பிடித்து அனுப்பிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனான். கண்ணாடிக் கதவு வழியே அவன் முதுகு தெரிந்தது. போனில் பேசும்போதுகூட அப்பாவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தலையாட்டலிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. இருந்தும் திரையில் அந்த வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அது விட்டு விட்டுத் துடித்தது.

"என்னடா சொன்னாரு?"

"எழுத்து ரொம்ப நெருக்கமா இருக்காம். படிக்கக் கஷ்டமா இருக்காம். கொஞ்சம் தள்ளித் தள்ளி வெக்கச் சொன்னாரு."

"ஒரு பேர் கொள்ளும்னு சொன்னியா?"

"சொன்னேன்க்கா." அவன் தரையைப் பார்த்தான். "அதுக்குத்தான் இப்படிச் சொன்னாரு."

இத்தனை வருஷத்தில் மைனஸ் பத்தை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

அவள் மறுபடி திரைப் பக்கம் திரும்பினாள். பட்டியலைத் தேர்ந்தெடுத்தாள். மைனஸ் எட்டு. இன்னும் அந்த வரி வெறுமையாகவே இருந்தது. அங்கேயே விரலை நிறுத்திக்கொண்டாள். குழாய்ச் சத்தம் கேட்பது போலிருந்தது. பின்கட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூஜ்யம் என்று அடித்தாள். 'பேரப்பிள்ளைகள்' இறங்கிவந்து அந்த வரியில் உட்கார்ந்துகொண்டது.

"எத்தனை?"

"இருநூறுக்கா." தம்பி அவள் தோளைத் தொட வந்து, பாதியில் கையை எடுத்துக்கொண்டான்.

மாதிரிப் பிரதியை அவளே மிஷின்காரரிடம் எடுத்துப் போனாள். "இருநூத்தி ஒண்ணு போடுங்கண்ணே."

"ஒரு அட்டைகூட அதிகம் போட விடமாட்டியே, இன்னிக்கு என்ன அதிசயம்? அந்த ஒண்ணு யாருக்கு?"

"எனக்கு."

இன்னும் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவர், அட்டையிலிருந்த முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கையில் மை எதுவும் இல்லாதபோதும், துடைக்கிற துணியைத் தேட ஆரம்பித்தார்.