மையில் விழுந்த தேதி

கலைஞர்களுக்குக் கச்சேரித் தேதி பிடித்துக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவர் 'கட்டம்'. காரணம், அவர் மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒட்டியிருந்த தாள். இடப்பக்கம் கலைஞர்கள், மேலே தேதிகள், நடுவில் கட்டம் கட்டமாக அவருடைய உயிர். யாராவது ஒரு நாளைக் கேட்டால் பென்சில். கலைஞரிடம் பேசி, "சரி" என்று தன் காதால் கேட்ட பிறகுதான் மை. மை விழுந்துவிட்டால் வானமே இடிந்து விழுந்தாலும் அடிக்க மாட்டார். வெற்றுக் கட்டம் என்றால் அன்றைக்கு அந்த ஆளுக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

பத்தொன்பது வருடம். ஒரே ஆளை ஒரே மாலையில் இரண்டு மேடைக்கு ஒப்புக்கொண்டதாக ஒரு புகார் கிடையாது. அரங்கம் விட்டு அரங்கம் போகிற நேரம், பாடகருக்குத் தொண்டை ஆறுகிற நேரம் எல்லாம் கணக்கில் உண்டு. "நம்ம கட்டத்துக்குக் கல்யாணம் ஏன் ஆகலை தெரியுமா? பொண்ணு வீட்ல சொன்ன தேதியில வேற கச்சேரி இருந்துச்சு" என்பார் டிரம்ஸ்காரர். கட்டமும் சேர்ந்து சிரிப்பார்.

தாளில் மூன்றாவது வரிசை அவருடைய அக்கா. வயலின். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு காலையில் காபி ஆற்றிக்கொண்டே அக்கா சொன்னாள்:

"இருபத்திரெண்டாம் தேதி எனக்கு எதுவும் போட்டுடாதடா. வயித்துல ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுது. ஆஸ்பத்திரியில டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"இன்னைக்கே தாள்ல எழுதிடறேன்."

"எழுதாதே. செல்லோக்காரருக்கு ஆஸ்பத்திரின்னு எழுதுனியே, அதைப் பாத்துட்டு ஒரு வருஷம் யாராவது அவரைக் கூப்பிட்டாங்களா?"

"அப்ப லீவுன்னு போடறேன்."

"நான் என்னைக்குடா லீவு எடுத்தேன்? துருவித் துருவிக் கேப்பாங்க. மனசுல வெச்சுக்கோ, போதும்."

மனசை நம்பாததால்தானே மனிதர் சுவரை நம்பினார்! ஆனாலும் அக்கா பேச்சைத் தட்டாமல் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

பத்து நாள் கழித்துப் பெரிய அரங்கத்து மேலாளர் ஃபோனில் படபடத்தார். வயலின் வாசிக்க இருந்தவருக்குக் கை முறிந்துவிட்டதாம். "இருபத்திரெண்டாம் தேதி சார். எங்களைக் கைவிட்டுடாதீங்க." கட்டம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் அந்த நாள் வெறிச்சென்று இருந்தது. நேராகப் பேனாவை எடுத்தார். வேறு யாராக இருந்தாலும் பென்சிலில் தொடங்கி, கூப்பிட்டுக் கேட்டிருப்பார். அக்காவைப் போய் என்ன கேட்பது? அவளுக்கு மட்டும் எப்போதுமே நேராக மைதான். சொந்த மனுஷிதானே, கேட்காவிட்டால் என்ன என்று நினைக்கிற புத்தி இருக்கிறதே, அதை எதால் அடிப்பது?

மறுநாள் அலுவலகத்துக்கு வந்த அக்கா சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவரோ ஃபோனில், மேலாளரின் நன்றியை வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 'பேசு பேசு' என்று கையைக் காட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

இருபத்திரண்டாம் தேதி அக்கா வாசித்தாள். கைத்தட்டல் ஓய நேரமானதாம். ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி மூன்று மாதம் தள்ளித்தான் கிடைத்தது.

அதற்குள் கட்டி பரவிவிட்டது. "முதல்ல குடுத்த தேதிக்கு ஏன் வரலை? அன்னைக்கே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்று டாக்டரம்மா கேட்டபோதுதான் கட்டத்துக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் கேட்டார்:

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"மையில எழுதியிருந்தியேடா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"பத்தொன்பது வருஷம் காப்பாத்துன பேரு. என்னாலயா கெடணும்? டெஸ்டைத் தள்ளிப் போட்டாப் போச்சுன்னு நெனச்சேன்."

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நியாயமாக அழ வேண்டிய அக்காதான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் மூன்றாவது வரிசைக் கச்சேரிகளை எல்லாம் மற்ற வயலின்காரர்களுக்கு மாற்றினார். வாழ்க்கையில் முதல்முறையாக மையில் எழுதியதை அடித்தார். பிறகு தாளின் அடியில் புதிதாக ஒரு வரிசைக்குக் கோடு போட்டார். இடப்பக்கம் 'கட்டம்' என்றே எழுதினார். அன்றிலிருந்து அடுத்த மாதம் முப்பதாம் தேதி வரை எல்லாக் கட்டங்களிலும் மையில் ஒரே சொல்: அக்கா. பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அக்கா அந்த அடுத்த மாதம் பதினோராம் தேதியே போய்ச் சேர்ந்தாள்.

இருபதாம் தேதி டிரம்ஸ்காரர் ஃபோன் செய்தார். குரலில் கிண்டல் இல்லை. "ஒன்பது நாளாச்சே. கொஞ்சம் ஆபீஸ் பக்கம் வாங்களேன். இங்க தேதியெல்லாம் தாறுமாறாக் கெடக்கு."

கட்டம் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விரிப்பு கசங்காமல் இருந்தது. அதன் மேல் வயலின் பெட்டி.

"முப்பதாம் தேதி வரைக்கும் வர முடியாதுப்பா" என்றார். "நான் அக்காகூட இருக்கேன். மையில எழுதியிருக்கு."