உள்ளிருந்து மட்டும் திறக்கும் கதவு

அந்தக் கதவின் மேல் மூன்று வரி எழுதியிருந்தார்கள். படுக்கைப் பெட்டி. இருக்கைப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. கதவைத் தட்டாதீர்கள். மூன்றாவது வரியை எழுதியவன் விவரமானவன். இரண்டாவது வரியைப் படித்த எவனும் கட்டாயம் தட்டுவான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கதவு எங்களுக்குத்தான் மூடியிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு அது திறந்த வீட்டு வாசல். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியை எங்கள் இருக்கைப் பெட்டிக்கு மறுபுறம் கோத்திருந்தார்கள். ஆகவே மூன்று வேளையும் அவர்கள் எங்கள் நடைபாதை வழியாகத்தான் போய்வர வேண்டும். அன்று காலையும் போனார்கள். வீட்டுச் செருப்பு, நன்றாகத் தூங்கி எழுந்த முகம், கையில் செய்தித்தாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்து வீங்கிப்போன எங்கள் கால்களை, தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற மாதிரி தாண்டினார்கள். ஒரு அம்மாள் மூக்கைக்கூடப் பொத்திக்கொண்டாள். எங்கள் பெட்டியில் அப்படி ஒன்றும் நாற்றமில்லை. மனிதர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இதெல்லாம் பொருட்டில்லை. என் அக்கா படுக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையருகே இருபத்திரண்டு வருடம் நின்றவள். நின்றே முதுகெலும்பைத் தேய்த்துக்கொண்டாள். பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து பதினோராம் நாள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்காரக் கூடாது, மல்லாந்து படுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். பயணமோ முப்பத்தெட்டு மணி நேரம். டிக்கெட் கொடுத்தவன் கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "படுக்கை எல்லாம் ஃபுல், சீட்டு வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டான். விடிந்தபோது அக்காவின் உதடு வெளுத்திருந்தது. இருக்கையின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாள்.

எதிர் இருக்கையில் ஒரு வெல்டர் இருந்தார். கண்ணோரமெல்லாம் தீப்பொறித் தழும்பு. கதவு திறந்தபோதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து அவர்தான் எங்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு படுக்கை விரிச்ச மேனிக்குக் கெடக்குதுங்க. ஒண்ணுல மட்டும் ஆள் இருக்கு."

"யாரு?"

"டிக்கெட் பரிசோதகரோட தொப்பி."

நான் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து சிப்பந்தி ஒரு சாண் அளவுக்குத் திறந்தான். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. எங்கள் பெட்டியில் அவனுக்கு அதற்குள் அதுவே பெயராகிவிட்டிருந்தது.

"படிக்கத் தெரியாதா?" என்றான்.

"தெரியும். பரிசோதகரைப் பார்க்கணும். எங்க அக்காவுக்கு ஒரு படுக்கை வேணும்."

"அதுக்கு விண்ணப்பத்தை அவர்கிட்ட நேர்ல குடுக்கணும்."

"அவர் எங்க இருக்கார்?"

"உள்ள."

"அப்ப என்னை விடுங்க."

"விண்ணப்பத்தை அவர் ஏத்துக்கிட்டாதாங்க உங்கள உள்ள விட முடியும்."

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். கடைசியில், பெரிய உதவி செய்கிறவன் மாதிரி, எழுதிக் கொடுத்தால் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான்.

எழுதுவது என் வேலை. காப்பீட்டுக் கம்பெனியின் கடிதப் பிரிவில் பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறேன். பொருள், பார்வை, ஐயா, மூன்று பத்தி, இணைப்புகள். ரயிலின் ஆட்டத்திலும் ஒரு வரி கோணாமல் எழுதினேன். இணைப்பு ஒன்று, பயணச் சீட்டு. இணைப்பு இரண்டு, டாக்டரின் கடிதம். இணைப்பு மூன்று, மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது கொடுத்த குறிப்பு. எதையும் விடவில்லை. விட்டுவிட்டு எழுதிய கடிதம் எங்கள் பிரிவில் கடிதமே இல்லை.

"கல்யாணப் பத்திரிகையா எழுதறீங்க?" என்றார் வெல்டர்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. கடிதம் வெளியே வந்தது. ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: 'படுக்கை காலி இல்லை. இணைப்பு இரண்டின்படி மேற்படி பெண் பயணி உட்கார்ந்து பயணம் செய்யத் தகுதியற்றவர். எனவே 1.40-க்கு வரும் நிலையத்தில் இறக்கிவிடப்படுவார்.'

இரண்டு முறை படித்தேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அந்த நிலையத்தில் எங்களுக்கு ஒரு நாய்கூடத் தெரியாது. அடுத்த ரயில் மூன்று நாள் கழித்து.

அக்காவிடம் சொன்னேன்.

"என்னடா எழுதின?"

"எல்லாத்தையும் எழுதினேன்க்கா."

"எல்லாத்தையும் எவனாவது எழுதுவானா? இடுப்பு பிடிச்சிருக்குன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கலாம்ல. என் வயித்துக்குள்ள இருக்கறது தவிர அத்தனையும் அவங்கிட்ட காட்டிக் குடுத்திருக்க."

"திருத்தி இன்னொண்ணு எழுதட்டுமா?"

"பேனாவைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்." இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். "போர்வையை எடு."

"குளிருதா?"

"கீழ விரி. நடுவுல."

"அது வழிக்கா."

"தெரியும். விரி."

விரித்தேன். வெல்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து அவளை மெதுவாக இறக்கினோம். கதவுப் பக்கம் தலை, சாப்பாட்டுப் பெட்டிப் பக்கம் கால். முதுகு தரையைத் தொட்டதும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதல்நாள் மாலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சத்தம். பிறகு முகம் மெல்ல இளகியது. தகர டிரங்குப் பெட்டிகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவே, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

மணி ஒன்று. சாப்பாட்டு நேரம். கதவு திறந்தது.

முதலில் வந்தவர் கோடு போட்ட இரவு உடையில் இருந்தார். தொப்பை அவருக்கு முன்னால் வந்தது. அக்காவின் தலைக்கு அரை அடி தள்ளி நின்றுகொண்டு, "இது என்ன?" என்று கேட்டார்.

"மனுஷிங்க," என்றார் வெல்டர்.

"எப்படிப் போறது?"

"தாண்டிப் போங்க," என்றாள் அக்கா, கீழேயிருந்தே. "காலையில இத்தனை பேரைத் தாண்டினீங்க. இன்னும் ஒண்ணு."

அவரால் முடியவில்லை. கூச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். காலைத் தூக்கிப் பார்த்தார். அந்த உயரத்துக்கு அது வரவில்லை. அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். மூக்கைப் பொத்திய அம்மாள், "யாராவது வந்து எடுங்களேன்" என்றாள், தரையில் ஏதோ கொட்டிக் கிடப்பது போல.

சாவிக்கொத்து வந்தான். அவனுக்குப் பின்னால் பரிசோதகர், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே வந்தார்.

"எழுந்திரிம்மா. இது நடக்கற பாதை."

"உட்காரத் தகுதி இல்லாதவன்னு நீங்கதான் கைப்பட எழுதியிருக்கீங்க. உட்காராம எப்படிங்க எழுந்திரிக்கறது? படுக்கத் தகுதி இல்லாதவன்னு எழுதலையே."

இருக்கைப் பெட்டி முழுக்கச் சிரித்தது. பரிசோதகர் சிப்பந்தியைப் பார்த்தார். "தூக்கு."

"சார், நோயாளியைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. ஏதாவது ஆயிட்டா என் தலையில விடியும்."

"அப்ப அடுத்த ஸ்டேஷன்ல ஆளைக் கூப்பிடு."

1.40-க்கு நிலையம் வந்தது. ரயில் இரண்டு நிமிடம் நின்றது. நடைமேடையில் ஒரு கொடிக்காரரைத் தவிர யாருமில்லை. அவர் கொடியை அசைத்தார். ரயில் புறப்பட்டது. பரிசோதகர் ஜன்னல் வழியாக அந்த நிலையம் நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தொப்பைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்குச் சாப்பாடு மூடிருவான். இந்தம்மாவ எங்கயாவது போட்டுத் தொலைங்கய்யா."

"படுக்கை காலி இல்லைங்களே," என்றார் பரிசோதகர்.

"எனக்கு எதிர்லயே மூணு சும்மா கெடக்கு. யார்கிட்ட கதை விடறீங்க?"

ஒன்றரைப் பக்கம், மூன்று இணைப்பு, பதினேழு வருட அனுபவம். அதற்கெல்லாம் அசையாத பரிசோதகர் ஒரு மனிதரின் பசிக்கு அசைந்தார். சட்டைப் பையிலிருந்து படிவம் ஒன்றை எடுத்து அவசரமாக நிரப்பினார். படுக்கை ஒதுக்குவதற்கான காரணம் என்ற இடத்தில் 'நடைபாதைத் தடை அகற்றம்' என்று எழுதினார். முதுகெலும்பைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

"உறவினர் கையெழுத்து," என்று நீட்டினார்.

"காரணம் தப்பா இருக்குங்க," என்றேன். "இதுல நோயாளின்னு..."

"டேய்," என்றாள் அக்கா தரையிலிருந்து. "படிக்காதடா. போடு."

போட்டேன். நானும் வெல்டரும் போர்வையோடு சேர்த்து அவளைத் தூக்கினோம். கதவருகே சிப்பந்தி எங்களை நிறுத்தி, போர்வையின் முனைகளைத் தானும் உள்ளே இன்னொருவனுமாக வாங்கிக்கொண்டான். இப்போது அவள் நோயாளி இல்லையே, தடைதானே, தொடலாம். கதவு மூடியது. தொப்பைக்காரர் வரிசையோடு சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து ஓடினார். அப்போது கால் நன்றாகவே எழும்பியது.

நாலு மணி மாத்திரை என் பையில் இருந்தது. தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி தட்டக் கையை ஓங்கியபோது உள்ளே அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி மாத்திரை கொண்டு வந்திருப்பான். கதவைத் திற. நான் இப்ப இந்தப் பெட்டி ஆளு."

திறந்தது. "ரெண்டே நிமிஷம்," என்றான் சிப்பந்தி, மணிக்கட்டைப் பார்த்தபடி.

உள்ளே சத்தமே இல்லை. வெள்ளை விரிப்பு, திரை, சின்ன விளக்கு. அக்கா குச்சி மாதிரி நேராகப் படுத்திருந்தாள். உதட்டில் நிறம் வந்திருந்தது. தலையைத் தாங்கி மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்தேன். எதிரே இரண்டு படுக்கைகள், ஒரு சுருக்கம் இல்லாமல், காலியாக.

"உட்காருடா. உனக்கும் ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

நான் சிப்பந்தியைப் பார்த்தேன்.

"அவனை ஏன்டா பாக்கற?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், காலையிலிருந்து நான் அந்தப் பெட்டிக்காரர்கள் மேல் வைத்திருந்த இளப்பம் அத்தனையும் இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு நிமிடம் முடிய இன்னும் அரை நிமிடம் பாக்கி இருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.