பூசையில் வாசித்த பெயர்

அது 2007 குளிர்காலம். மொன்றியலின் சென்ட் லோரன்டில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சட்டத்தரணி நிரஞ்சனி இருந்தாள். அவளுக்குக் கலியாணம் பேசப் போனால் ஜெனீவாவில் இருக்கிற ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தைப் பற்றிக் கதைத்து அனுப்பிவிடுவாள். என் எதிர்வீட்டு யோசெப்பினின் புருசன் அம்புறோசை மன்னாரில் சீருடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனதற்கு அரசாங்கம் பதில் சொல்லவேண்டும் என்று ஐ.நா.வுக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணால் கண்ட சாட்சி ஒருவர் இன்னும் மன்னாரிலேயே இருந்தார். பெயர் வெளியில் வந்தால் அவரையும் ஏற்றிவிடுவார்கள். அதனால் முறைப்பாட்டில் அவர் வெறும் 'சாட்சி அ'. எனக்கே யாரென்று தெரியாது என்றால் பாருங்களேன்!

ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு மன்றாட்டுகளைச் சிசிலி அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது எங்கள் வழக்கம். விசா, பரீட்சை, முழங்கால் வலி எல்லாம் ஆண்டவருக்குப் பெயரோடுதான் போகும். அன்றைக்குச் சிசிலி அக்கா ஒலிவாங்கியில் நீட்டி வாசித்தார்: "மன்னாரில் அம்புறோசுக்காகச் சாட்சி சொல்லும் றெனோல்டின் பாதுகாப்புக்காக..."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சனம். நானும் சொன்னேன். நிரஞ்சனி மட்டும் சொல்லவில்லை.

பூசை முடிந்ததும் யோசெப்பினை மறித்தாள். "என்னக்கா செய்து வச்சிருக்கிறீங்கள்?"

"ஆண்டவரிட்டத்தானே சொன்னனான், பிள்ளை. பேர் சொல்லாமல் எப்பிடிக் கேக்கிறது?"

"கோயிலுக்க ஆண்டவர் மட்டுமோ இருந்தவர்?"

தேத்தண்ணிக் கோப்பையோடு மகேந்திரராசா வந்தார். திருநாளுக்குக்கூடக் கோயில் பக்கம் வராத மனிசன்; இலங்கைத் தூதரகத்துக்கு ஆட்களைப் பற்றித் தகவல் சொல்கிறவர் என்று சனம் கதைக்கும். "றெனோல்ட் உங்கட தம்பியெல்லோ, தங்கச்சி? இப்பவும் அந்தப் பழைய வீட்டிலயோ?" அவர் சிரித்துவிட்டு, கைத்தொலைபேசியோடு வெளியே போனார். அந்தக் குளிரில் நின்று கதைக்க அப்படி என்ன அவசரமோ!

புதன்கிழமை காலை, விறாந்தையைக் கூட்டுகிற சாட்டில் நான் நின்றேன். யோசெப்பினின் கதவு பாதி திறந்திருந்தது; உள்ளே நிரஞ்சனியும் இருந்தாள். தொலைபேசியில் றெனோல்டின் மனைவியின் குரல் சத்தமாகக் கேட்டது.

"மோட்டச்சைக்கிளில ரெண்டு பேர் வந்தவை, மச்சாள். நல்ல மரியாதை. மொன்றியலில இவருக்காகச் செபிக்கினமாம், சுகமோ எண்டு கேட்டவை. நாளைக்கும் வருவினமாம்."

யோசெப்பின் தொலைபேசியை வைத்தாள். "முறைப்பாட்டைக் கிழிச்சுப் போடு, பிள்ளை."

"கிழிச்சாலும் பேர் அவங்களிட்டப் போயிட்டுது, அக்கா. இனி ஒளிச்சுப் பிரயோசனமில்லை. முழுப்பேரையும் எழுதி இண்டைக்கே அனுப்புவம். உலகத்துக்குத் தெரிஞ்ச ஆளைத் தொட யோசிப்பாங்கள்."

"யோசிக்காட்டி?"

நிரஞ்சனி பேனையை எடுத்தாள். 'சாட்சி அ' என்று வந்த இடமெல்லாம் வெட்டி, றெனோல்ட் என்று எழுதத் தொடங்கினாள். யோசெப்பின் கையெழுத்து வைத்து, எல்லாம் ஃபாக்ஸில் போய் முடிய இங்கே இரவு ஏழரை மணியாகிவிட்டது.

மன்னாரில் அந்த 'நாளைக்கு' விடிந்துகொண்டிருந்தது.