இஞ்சின் நின்ற நேரம்

இஞ்சின் இரண்டாவது தடவையும் நின்றபோது இருசம்மாள் உடனே தன் கணவனைத்தான் பார்த்தாள். ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சின் சட்டென்று நின்றால் அவளுக்கு நெஞ்சு ஒருமுறை தடுக்கும். ரப்பர் தோட்டத்தில் இரவெல்லாம் அவள் கேட்டபடி படுத்திருப்பது ஓர் இஞ்சினின் சத்தத்தைத்தான். அதன் பக்கத்தில் நாகமுத்து உட்கார்ந்திருப்பான். இங்கே, நடுக்கடலில், சத்தம் நின்ற பிறகும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். அது அவளுக்கு உறைக்க ஒரு நொடி ஆனது.

பின்னால் புலாவ் பெசார் தீவின் தென்னைகள் தெரிந்தன. முன்னால் உம்பாய்க் கரை, ஈர விரலால் இழுத்துவிட்ட பச்சைக் கோடு போல. இரண்டும் தூரத்தில் இருந்தன.

"யா அல்லா, மறுபடியுமா?" என்று யூனுஸ் தலையில் கைவைத்தார். அவருக்கு உம்பாயில் மளிகைக் கடை. தீவுக்குச் சாமான் கொண்டுபோகும் படகிலேயே, அங்குள்ள இஸ்லாமிய ஞானிகளின் சமாதிகளுக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்களையும் ஏற்றிப் போய் வருவார். எல்லாருக்கும் அவர் நானா. நங்கூரத்தை இறக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்க. ரெண்டு பேர்ல யாராச்சும் பன்னிக்கறி தின்னுட்டு வந்தீங்களா? அந்த எடத்துக்கு அது ஆவாது. கடல் விடாதுலா."

"தோட்டத்துல அரிசியே அளந்து அளந்து போடுறான். பன்னிக்கு எங்க போறது நானா?" என்றான் நாகமுத்து.

"தங்கச்சி?"

"நான் வெரதம் நானா."

"அப்ப என் இஞ்சினுக்குத்தான் அல்லா மேல ஈமான் பத்தல."

முதல் தடவை தீவை விட்டுச் சற்றுத் தூரம் வந்ததுமே நின்றது. யூனுஸ் பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து, உள்ளே எண்ணெய் பாதிக்கு மேல் இருப்பதைப் பார்த்து மூடிவிட்டு, பிஸ்மி சொல்லிக் கைப்பிடியைச் சுற்றினார். ஓடிவிட்டது. இப்போது எத்தனை சுற்றியும் இருமக்கூட இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போக, கைப்பிடியை நாகமுத்துவிடம் நீட்டினார். "நீதான் தோட்டத்துல இஞ்சின்காரனாச்சே தம்பி. கொஞ்சம் பாரேன்."

நாகமுத்து இஞ்சினுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். அவன் முதுகு அவளுக்குத் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே, சட்டைக் காலருக்குள் போகிற இடத்தில் ஒரு மச்சம். அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தாள்.

மாமியார்தான் இங்கே அனுப்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மடியில் ஒன்றில்லையே, போய் வேண்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். இருசம்மாளின் வயிற்றைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், மருந்து சொன்னார்கள், ஜாதகம் கேட்டார்கள். இரவில் நீங்கள் இரண்டு பேரும் எங்கே படுக்கிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, சிதறிக் கிடந்த லயன் வீடுகளை எல்லாம் காலிசெய்து தோட்டத்து ஜனங்களை ஒரே கம்பிவேலிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தது சர்க்கார். ஒரு குடும்பம் இருக்க வேண்டிய வீட்டில் இரண்டு குடும்பம். நடுவில் சாக்கைத் தைத்துக் கட்டிய தடுப்பு. அந்தப் பக்கம் காளிமுத்துவும் மனைவியும் நண்டும் சிண்டுமாய்ப் பிள்ளைகளும். இந்தப் பக்கம் மாமியார், அவள், சுவரோரம் சுருட்டி வைத்த நாகமுத்துவின் பாய். அந்தப் பாய் பெரும்பாலும் சுருட்டியபடியேதான் இருந்தது. வேலியைச் சுற்றி இரவு முழுதும் விளக்கு எரிய வேண்டும். விளக்குக்கு இஞ்சின் ஓட வேண்டும். இஞ்சினுக்கு நாகமுத்து காவல்.

விடிந்து அவன் வரும்போது அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கிளம்பியிருப்பாள். வேலிக் கேட்டில் பாக்கியலட்சுமி நிற்பாள். சோறோ அரிசியோ மறைத்துக் கொண்டு போகிறார்களா என்று பெண்களைத் தடவிச் சோதிக்கிற வேலை அவளுக்கு. இடுப்பு, மடி, மார்பு என்று அந்தக் கை அவசரமாக ஓடி முடியும். தன் உடம்பைத் தொடுகிற கை இந்த உலகத்தில் இப்போதைக்கு அது ஒன்றுதான் என்று ஒருநாள் இருசம்மாளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்தது. அன்றைக்குப் பார்த்து பாக்கியலட்சுமி இன்னொன்றும் சொன்னாள். இஞ்சின் அறைக்குப் பெரியவரான அவள் புருஷன் கந்தசாமி, நாகமுத்துவுக்குப் பகல் வேலை தருவதாகச் சொன்னாராம். இவன்தான், வேண்டாம், ராத்திரியே இருக்கட்டும் என்றானாம்.

அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாக இருந்தது. மாமியாரைக் கேட்க முடியாது, அவனைக் கேட்கத் தனியிடம் இல்லை. இன்று தீவில் சமாதிக்கு முன்னால் ஊதுவத்தி கொளுத்தி நின்றபோதுகூடப் பிள்ளை வரம் வாயில் வரவில்லை. இவனுக்கு என்னைப் பிடிக்கவில்லையா என்பதை மட்டும் தெரியப்படுத்து என்றுதான் கேட்டாள்.

நாகமுத்து கார்பரேட்டருக்குப் போகிற செப்புக்குழாயைக் கழற்றி நுனியில் விரலை வைத்தான். இரண்டு சொட்டு விழுந்து நின்றுபோனது. குழாயை முழுவதுமாகக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். மறுமுனையில் காற்று தாராளமாக வந்தது. டாங்கிப் பக்கத்தை மட்டும் மாட்டிவிட்டு, மறுநுனியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் டாங்கியையே பார்த்தான். பிறகு அதன் மூடியைப் பிடித்துச் சற்றே திருகினான். உஸ்ஸென்று உள்ளே காற்றை இழுத்தது டாங்கி. குழாய் நுனியில் இருந்த அவன் விரலை நனைத்துக்கொண்டு பெட்ரோல் வழிந்தது. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, அதன் நடுவில் இருந்த பொட்டுத் துளையைப் பார்த்தான். அது அடைத்திருந்தது.

இருசம்மாளுக்குப் புரிந்துவிட்டது. கடையில் பால் டின்னைக் குத்தித் திறந்துதான் கொடுக்கிறார்கள், முழுசாகக் கொடுத்தால் காட்டுக்குப் போய்விடுமாம். ஒரு குத்து குத்தினால் பால் இறங்காது. காற்றுக்கு இன்னொரு குத்து வேண்டும்.

இப்போது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. குழாயைக் கார்பரேட்டரில் பூட்டி, மூடியைத் திரும்ப வைத்து இறுக்கினான். ஸ்பேனரை எடுத்து, ஒரு குற்றமும் செய்யாத பிளக்கைக் கழற்ற ஆரம்பித்தான்.

"என்னப்பா, தெரிஞ்சுதா?" என்றார் யூனுஸ்.

"பாக்கணும் நானா. டைம் எடுக்கும்."

"சரி, நீ பாரு. நான் அசர் தொழுதுட்டு வந்துடறேன்." அவர் கடல் நீரில் கை கால் முகம் கழுவிக்கொண்டு, படகின் முன்முனையில் இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நாகமுத்து பிளக்கைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். இருசம்மாள் பலகையில் நகர்ந்து அவன் பக்கத்தில் வந்தாள். முழங்கால் அவன் முழங்கையில் பட்டது. இருவரும் எடுக்கவில்லை.

"கந்தசாமி அண்ணன் பகல் வேலை தரேன்னாராம்," என்றாள் மெதுவாக. "நீங்கதான் வேணாம்னீங்களாம்."

துணி நின்றது. "யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன. நெசமா?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. தொழுகையின் முணுமுணுப்பு அலைச் சத்தத்தோடு விட்டு விட்டுக் கேட்டது.

"வூட்டுல படுத்தா நீ மூச்சு விடுறது கேக்குது," என்றான்.

அவள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தாண்ட அம்மா. சாக்குக்கு அப்பால அவன் புள்ளைங்க. நடுவுல நீ மூச்சு விடுற. அதக் கேட்டுகிட்டு சும்மா படுத்துக் கெடக்க முடில புள்ள. இஞ்சின்கிட்ட ஒக்காந்தா அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

எந்தச் சத்தத்தை அவன் என்று நினைத்து இரவெல்லாம் அவள் கேட்டுக் கிடந்தாளோ, அதற்குள்தான் அவன் அவளிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தான். இருசம்மாளுக்குச் சிரிப்பு வரும் போல இருந்தது. எவ்வளவோ பேசவேண்டும் என்று வைத்திருந்தவளுக்கு ஒரு வாக்கியம்தான் கிடைத்தது.

"அது தூங்குற மூச்சு இல்லங்க."

"தெரியும்."

பிளக்கை மாட்டினான். மறுபடி கழற்றினான். அவன் காதுமடல் சிவந்திருப்பதைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். வெயில் மஞ்சளாகித் தண்ணீரில் சாய்ந்தது. படகு நங்கூரக் கயிற்றில் இப்படியும் அப்படியும் திரும்ப, ஒருமுறை கரை தெரிந்தது, ஒருமுறை தீவு தெரிந்தது, ஒருமுறை இரண்டும் இல்லாமல் கடல் மட்டும். இப்படியே இருட்டிவிட்டால் என்ன என்று அவள் நினைத்தாள். நினைத்ததில் கொஞ்சமும் பயம் இல்லை.

யூனுஸ் தொழுது முடித்து வந்து கரையையும் சூரியனையும் பார்த்தார்.

"தம்பி, நேரம் ஆவுதுப்பா. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல தண்ணில எது அசஞ்சாலும் போலீஸ்காரன் சுடுவான், யாருன்னு கேக்க மாட்டான். எம் பொஞ்சாதி ரபியா இந்நேரம் ஜெட்டிப் பாலத்துக்கும் கடைக்குமா நடந்துகிட்டு இருப்பா. இஞ்சின் சத்தம் கேக்குதா கேக்குதான்னு."

அவர் கைப்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டார். பன்னிக்கறிக் கேலி பேசிய முகமாக அது இப்போது இல்லை. இருசம்மாள் ரபியாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு சத்தத்துக்காக நிற்கிறவளை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாகமுத்துவைப் பார்த்தாள். அவன் துணியை மடித்துக்கொண்டிருந்தான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பது போல.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை ஊசியை உருவி அவனிடம் நீட்டினாள்.

"அந்த மூடித் தொளையக் குத்திப் பாருங்க."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிடிபட்டவனின் விழிப்பு முதலில் வந்தது. பிறகு, எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்ற கேள்வி. அவள் கண்ணை எடுக்கவில்லை. ஊசியை வாங்கித் துளையில் விட்டுத் திருகினான். வெள்ளையாக ஏதோ சுருண்டு வந்தது.

"அட, துணி தொவைக்கிற சவுக்காரம்!" என்று யூனுஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மழத்தண்ணி எறங்குதேன்னு நான்தான்பா அடச்சி வச்சேன்! ஒனக்கு எப்படித் தங்கச்சி தெரிஞ்சுது?"

"சும்மா தோணுச்சு நானா."

நாகமுத்து பிளக்கையும் மூடியையும் மாட்டி இறுக்கினான்; மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. யூனுஸ் நங்கூரத்தைத் தூக்கிவிட்டுச் சுக்கானுக்குப் போனார். படகு கரையைப் பார்த்துத் திரும்பியதும் எதிர்காற்று அடித்தது. இருசம்மாளின் கொண்டை அவிழ்ந்து தோளில் சரிந்தது.

படகுத்துறையில் நிற்கிறவர்களைத் தலை தலையாகப் பிரித்தறிய முடிந்தது. ஒரு போலீஸ்காரன் துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டான். இருசம்மாள் இரண்டு கைகளையும் தூக்கிக் கூந்தலைச் சேர்த்து முறுக்கி, முறுக்கியதைப் பிடித்தபடி ஊசிக்காக அவன் பக்கம் திரும்பினாள். நாகமுத்து சட்டைப்பையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கைகளை விட்டாள். முடியைக் காற்று எடுத்துக்கொண்டது.