நேற்றைக்கான ஸ்தோத்திரம்

"அந்த நாலு நாற்காலியையும் விட்டுடு" என்றார் அப்பா.

தம்பி அதற்குள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போயிருந்தான். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். கூடத்தில், பெட்டிக்குள் அம்மா இருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் அடக்க ஆராதனை. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே 'கொண்டு வா' என்றாள். நாற்காலிகள் மறுபடி சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தன.

"உட்காருங்க ரெண்டு பேரும். இன்னும் ஸ்தோத்திரம் சொல்லல."

அது அந்த வீட்டில் அம்மா போட்ட சட்டம். காலைத் தேநீர் ஆறுவதற்குள் ஆளுக்கு ஒன்றாக ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்வது நேற்று நடந்ததாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் கூடாது. சுகம், பெலன், ஜீவன் என்று பொத்தாம்பொதுவாக ஆரம்பித்தால் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். "அதெல்லாம் சர்ச்சுல சொல்லிக்க. நேத்து என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு."

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அவள் ஸ்தோத்திரத்தில் தினமும் யாராவது வந்து போவார்கள். புதுக் கண்ணாடியை மாட்டியதும் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைக் கடைசி எழுத்துவரை வாசித்த கிழவர். ஒரு மணி நேரம் படுத்தியெடுத்துவிட்டு முதலில் காட்டிய பிரேமையே வாங்கிப்போன பெண். அப்பா லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். "நேத்து லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட மாமியாரும் மருமகளும் வெளிய வரும்போது பேசிக்கிட்டே வந்தாங்க, ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஒருமுறை அவர் சொன்னதற்கு விழுந்த ஆமென் பக்கத்து வீடுவரை கேட்டது.

மகள் வேலைக்காக வேறு ஊர் போனதும் கொஞ்ச நாள் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். நம்பிக்கை ஒன்றும் குறையவில்லை. கேட்க ஆளில்லை, விட்டுப்போயிற்று. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வழியிலேயே ஒன்றைத் தயார் செய்துகொள்வாள். அம்மா இரண்டாவது வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். "இது பஸ்ல வரும்போது யோசிச்சது. வேற சொல்லு."

அத்தை கதவருகே வந்து நின்றாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"அண்ணே, போதகர் வந்துட்டார். இன்னைக்கு ஒரு நாள் விட்டா கர்த்தர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்."

"கர்த்தர் கோச்சுக்க மாட்டார்மா. உங்க அண்ணி கோச்சுக்குவா."

அத்தை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

சின்னவர் முதலில் என்பது வழக்கம். தம்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்து சட்டை பட்டன மாத்திப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன். தெருமுனைவரைக்கும் போனவன அம்மா கூப்பிட்டு, எல்லாரும் பாக்க, அவுத்து மாத்திப் போட்டுவிட்டாங்க. ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றார் அப்பா, எல்லா நாளும் சொல்வதைப் போலவே.

அடுத்து மகளின் முறை. நேற்று இருட்டிய பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள். ஆனால் காலையில் அம்மா கடையிலிருந்து போன் செய்திருந்தாள். அவளுக்கு அது போதும். சொல்லத்தான் வாயெடுத்தாள், நாளைக் காலை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். நாளைக்கு நேற்று என்றால் இந்த நாள்தான். பெட்டியும் கூட்டமும் கல்லறையும். அதில் அம்மா எதுவும் செய்திருக்க மாட்டாள், யாரையும் திட்டியிருக்க மாட்டாள். அம்மா உயிரோடு இருந்த நேற்று இது ஒன்றுதான் மிச்சம். அம்மா வேண்டும் என்று அவளுக்கு இருந்தது, சின்னப் பிள்ளைக்குத் தோன்றுகிற மாதிரி.

"என்னம்மா, ஒண்ணும் இல்லையா?"

"இருக்குப்பா. சொல்லிட்டா முடிஞ்சிரும். நாளைக்குச் சொல்றதுக்கு அம்மா இருக்க மாட்டாங்க."

அப்பா தேநீர்க் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார்.

"தெரியும்மா. ராத்திரி பூரா அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். சொல்லு."

"நேத்து காலைல அம்மா போன் பண்ணாங்க. இங்க நல்ல மழை, கேக்குதான்னு கேட்டாங்க. கேக்கலன்னேன். போனை வாசலுக்கு வெளிய நீட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம். போன் நனையும்மான்னு கத்தினேன், அவங்க காதுல விழல. ஸ்தோத்திரம்."

"ஆமென்."

அதற்கடுத்து அம்மாவின் முறை. மூன்று பேரும் காலியாக இருந்த நாற்காலியைப் பார்க்காமல், அவள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார்கள்.

பிறகு அப்பா ஆரம்பித்தார். "விடியறதுக்கு முன்னாடியே எழுந்து போர்வைய மடிச்சா. நான் அதுக்குள்ள படுத்திருக்கும்போதே. ஸ்தோத்திரம்."

பிள்ளைகள் ஆமென் சொன்னார்கள். தம்பி எழுந்திருக்கப் போனான். அப்பா நிறுத்தவில்லை.

"நான் போட்ட டீல சக்கரை கம்மின்னா. ஸ்தோத்திரம். ஊர்ல உள்ள லிஃப்ட் எல்லாம் சரிபண்ண ஆளுக்கு வீட்டுக் குழாய் ஒழுகறது தெரியலன்னா. ஸ்தோத்திரம்."

ஒன்றுக்கு மேல் கூடாது என்று பிள்ளைகள் சொல்லவில்லை. தம்பி மெல்ல உட்கார்ந்தான்.

"மத்தியானம் கடைலேர்ந்து வந்தா. கால் கனமா இருக்குன்னா. செருப்ப நான் கழட்டிவிட்டேன். கூச்சமா இருக்கு, விடுங்கன்னு சிரிச்சா. ஸ்தோத்திரம். படுத்துக்கிட்டா. ஜன்னல பாதி சாத்தச் சொன்னா. முழுசா சாத்தாதீங்க, சாரல் வரட்டும்னா. ஸ்தோத்திரம்."

அதன் பிறகு நடந்ததைத் தம்பி நேற்று ராத்திரியே அக்காவிடம் சொல்லியிருந்தான். அப்பா கோப்பை கழுவப் போனார். திரும்பி வந்து எழுப்பிப் பார்த்தார். அம்மா எழுந்திருக்கவில்லை.

கூடத்தில் போதகர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பாட்டுப் புத்தகங்களைக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மறுபடியும் கதவருகே வந்தாள்.

"இல்ல" என்றார் அப்பா. "நேத்து காலைல ஒண்ணு விட்டுப்போச்சு."

மகள் எழுந்து போய், அத்தையின் தோளை லேசாகத் தொட்டுவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்தினாள். வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.